சைலன்சர்க் கசிவின் மறுபிறப்பு: குமணன்சாவடிப் பழைய இருசக்கர வண்டிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் களமும்

மோட்டார் வண்டியின் என்ஜினில் எரிந்து முடிந்த வாயு, தனக்கென வகுக்கப்பட்ட குழாய் வழியே சென்று வண்டியின் பின்புறத்தில் வெளியேறாமல், இடையில் தானே ஒரு வழி கண்டு வெளியேறுவதைச் சைலன்சர்க் கசிவு என்பர். அக்கசிவு ஒருமுறை அடைக்கப்பட்டு, அடைத்தவருக்குக் கூலியும் தரப்பட்டு, வண்டி வீடு திரும்பிய சில வாரங்களில் அதே இடத்திலோ ஒரு விரற்கடை தள்ளியோ மீண்டும் தோன்றுமாயின் அது மீள்கசிவு எனப்படும். முதற்கசிவு உலோகத்தின் இயல்பால் வருவது; மீள்கசிவு மனிதரின் இயல்பும் உடன் சேர்ந்து வருவது. ஆகவே முன்னதைப் பொறியியலுக்கு விட்டுவிட்டுப் பின்னதையே இக்கட்டுரை தன் பொருளாகக் கொள்கிறது.

ஆய்வுக்களமாகக் குமணன்சாவடி கொள்ளப்பட்டதற்குக் காரணங்கள் உண்டு. பரங்கிமலையிலிருந்து போரூர், ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம் வழியாகப் பூந்தமல்லி நோக்கி வரும் நெடுஞ்சாலை இவ்வூரைக் கடந்தே செல்கிறது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கத்தையும் பூந்தமல்லிப் புறவழிச்சாலையையும் இணைக்கும் நான்காம் வழித்தடம் இச்சாலையின் நடுவே தூண் ஊன்றி எழுந்தபோது, தோண்டியதும் மூடியதும் மீண்டும் தோண்டியதுமான சாலைப்பரப்பு, வண்டியின் ஒவ்வொரு நட்டையும் தனித்தனியே சோதிக்கும் கருவியாக ஆண்டுக்கணக்கில் பயன்பட்டது. வடக்கே ஆவடியில் 1965 முதல் விஜயந்தா டாங்கிகளைச் செய்து தந்த கனரக வாகனத் தொழிற்சாலையும், வடகிழக்கே அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும், மேற்கே ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைக் கார்த் தொழிற்சாலைகளும் சூழ்ந்திருக்க, இத்தனை உலோக அறிவுக்கு நடுவில் ஒரு நூறு சி.சி. வண்டியின் மோதிரப் பேக்கிங் ஏன் மூன்று மாதம் தாங்குவதில்லை என்பதே ஆய்வின் தலையாய வினா.

ஆய்வுக்குரிய வண்டி, டாங்கின் இருபுறமும் ஹீரோ ஹோண்டா என்ற பெயரைத் தாங்கிய நூறு சி.சி. இனம். 1984இல் தோன்றிய அக்கூட்டு நிறுவனம் 1985இல் சி.டி. 100 வண்டியையும் 1994இல் ஸ்ப்ளெண்டரையும் கொண்டுவந்தது. 2010 டிசம்பரில் இரு தரப்பும் பிரிவதாக அறிவித்து, 2011இல் இந்தியத் தரப்பு ஹீரோ மோட்டோகார்ப் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. எனவே நாணயத்தில் பொறித்த அரசன் பெயரைக் கொண்டு அதன் காலத்தைக் கணிப்பதுபோல, டாங்கில் உள்ள பெயரைக் கொண்டே வண்டி பத்தாண்டைக் கடந்தது என்று துணியலாம். ஸ்டிக்கர் உரிந்துபோன வண்டிகளுக்கு வயதை உரிமையாளரிடம் கேட்பதில் பயனில்லை. அவர் வண்டியின் வயதைத் தம் திருமணத்தோடோ மகளின் பிறப்போடோ சேர்த்தே சொல்வார், இரண்டிலும் ஓரிரு ஆண்டு தவறுவார்.

2. கசிவின் பௌதிகம்

நிக்கோலாஸ் ஓட்டோ 1876இல் வெற்றிபெறச் செய்த நான்கு வீச்சு என்ஜின், இருமுறை சுழலும்போது ஒருமுறை எரிந்த வாயுவை வெளித்தள்ளும். ஸ்ப்ளெண்டர் என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று என்ற கணக்கில் ஐடிலில் நிற்கும்போது, நிமிடத்துக்கு 700 முறை, அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 12 முறை, பல நூறு டிகிரி வெப்பமுள்ள வாயு குழாய்க்குள் உதைத்துத் தள்ளப்படுகிறது. இவ்வுதையின் ஒலியை அடக்குவதற்கென அமெரிக்காவின் ரீவ்ஸ் சகோதரர்கள் 1897இலேயே காப்புரிமை பெற்றனர். அன்று தொடங்கி, வாயு எங்கே போகவேண்டும் என்பதில் மனிதருக்கும் வாயுவுக்கும் இருந்துவரும் கருத்துவேறுபாடு இன்னும் தீர்ந்தபாடில்லை.

இணைப்பின் அமைப்பை முதலில் விளக்குதல் வேண்டும். என்ஜின் ஹெட் அலுமினியத்தாலானது. அதிலிருந்து வாயு வெளிவரும் வாயில், பட்டறை வழக்கில் பெண்ட் பைப் எனப்படும் வளைந்த இரும்புக் குழாய் வந்து பொருந்துகிறது. இரண்டுக்கும் இடையே, நசுங்கி இடத்தை நிரப்புவதற்காகவே பிறந்த மோதிர வடிவப் பேக்கிங் ஒன்று உட்காருகிறது. குழாயின் விளிம்பை இரண்டு அரைவட்டக் காலர்கள் கவ்விக்கொள்ள, அவற்றின்மேல் ஒரு தகடு அமர்ந்து, ஹெட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் 6 மி.மீ. ஸ்டட்டுகள் இரண்டில் நட்டு போட்டு இறுக்கப்படுகிறது. ஸ்டட் என்பது தலையில்லாத போல்ட். ஒரு முனையின் மரை ஹெட்டுக்குள்ளும் மறுமுனையின் மரை நட்டுக்குள்ளும் வாழும். குழாயின் பின்பகுதி சைலன்சராகப் பருத்து, பின்சக்கரத்தின் அருகே ஒரு பெரிய போல்ட்டால் சட்டத்தோடு பிணைக்கப்படுகிறது. இந்தப் பின்போல்ட் கட்டுரையின் பிற்பகுதியில் முதன்மைப் பாத்திரம் ஏற்கவிருப்பதால் அதனை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ளல் நலம்.

இவ்வினத்து என்ஜின் ஏறத்தாழப் படுத்தவாறு அமைந்திருப்பதால், வாயு வெளிவரும் வாய் தரையை நோக்கியே திறக்கிறது. அதன் விளைவாக, முன்சக்கரம் வாரி இறைக்கும் நீரும் சேறும் முதலில் சென்று படுவது அவ்விணைப்பின்மீதுதான். கருத்து வரும் ஐப்பசி மழையில், காய்ந்த தோசைக்கல்லின் சூட்டையும் மிஞ்சிய குழாயின்மீது பள்ளத்து நீர் தெறித்து, சுரீரென்று ஆவியெழும்போது, அந்த இரும்பு ஒரு கணத்தில் சுருங்குகிறது. அடுத்த கணத்தில் மீண்டும் விரிகிறது. வெப்பம் ஒரு டிகிரி உயர இரும்பு பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு நீளும். அலுமினியமோ சுமார் 23 பங்கு நீளும். அறுபது சென்டிமீட்டர்க் குழாய் 300 டிகிரி சூடேறினால் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகவே நீண்டுவிடும். ஒரு பேக்கிங்கின் வாழ்க்கையில் இரண்டு மில்லிமீட்டர் சிறிய தொலைவன்று.

இன்னொரு காரணம் வெளியிலிருந்து வருவதன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. சைலன்சர் நன்றாகச் சூடேறியிருந்தால் அது ஆவியாகவே வெளியேறிவிடும். ஆனால் பால் பாக்கெட்டுக்கும், பிள்ளையை டியூஷனில் விடுவதற்கும், கரையான்சாவடி வரை போய் மாவு அரைத்து வருவதற்கும் மட்டுமே எடுக்கப்படும் வண்டி, சூடேறும் முன்னரே அணைக்கப்படுவதால், அந்நீர் சைலன்சரின் வயிற்றிலேயே தங்கி உள்ளிருந்து அரிக்கத் தொடங்குகிறது. வெளியே குரோமியப் பூச்சு மின்ன, உள்ளே தகடு காகிதமாகிக்கொண்டிருக்கும் இந்நிலை, வண்டியைக் குறைவாக ஓட்டினால் அது நீடித்து உழைக்கும் என்ற பரவலான நம்பிக்கைக்கு நேர் எதிரானது.

3. கசிவின் வகைகள்

கசிவுகளை இடத்தால் பகுப்பதே பொறியாளர் மரபு எனினும், வண்டி வைத்திருப்போர் அவற்றை ஓசையால் பகுக்கின்றனர். இக்கட்டுரை பின்னவரையே பின்பற்றுகிறது. அவ்வகையில் கசிவு நான்காம்.

முதலாவது காலைக் கசிவு. வண்டியைக் காலையில் கிளப்பியவுடன் இணைப்பிலிருந்து "டிக் டிக்" என்று கேட்டு, இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடியதும், உலோகம் விரிந்து இடைவெளி தானே மூடிக்கொள்வதால் மறைந்துவிடுவது இதன் இலக்கணம். வீட்டு வாசலில் ஊரைக் கூட்டும் இவ்வோசை, பட்டறை வாசலை அடையும்போது அறவே நின்றிருக்கும். மெக்கானிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஒண்ணும் இல்லியே சார், நல்லாத்தானே ஓடுது" என்பார். இவ்வகைக் கசிவினால் வண்டிக்கு நேரும் சேதத்தைவிட, உரிமையாளரின் சொல்மதிப்புக்கு நேரும் சேதமே பெரிது.

இரண்டாவது நிலைக் கசிவு. சூட்டிலும் குளிரிலும் மாறாது "பட் பட்" என்று ஒலித்து, ஆக்சிலரேட்டர் முறுக்க முறுக்கப் பெருகுவது. நூறு சி.சி. வண்டிக்கு 350 சி.சி. வண்டியின் குரலை இது தருவதால், இளைஞர் சிலர் இதனை நோயாகக் கருதாமல் வளர்ச்சியாகக் கருதுகின்றனர்.

மூன்றாவது வெடிக் கசிவு. போரூர் மேம்பாலத்தின் இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சருக்குள் "டப், டப்" என்று வெடிப்பது. குழாய்க்குள் வாயு அலைகளாகச் செல்கையில் ஓர் அழுத்த அலையைத் தொடர்ந்து ஓர் உறிஞ்சும் அலையும் வருகிறது. அந்நேரத்தில் கசிவின் வழியே வெளிக்காற்று உள்ளே புகுந்து, எரியாமல் வந்த பெட்ரோல் ஆவியோடு சேர்ந்து, சூடான குழாயில் பற்றிக்கொள்கிறது. ஆகவே கசிவு என்பது வெளியே விடும் வழி மட்டுமே என்ற கருத்து பிழையானது. அது இருவழிப் போக்குவரத்துக்கு உரியது என்பது இவ்வகையால் நிறுவப்படுகிறது.

நான்காவது போலிக் கசிவு. சைலன்சரின் அடிப்பக்கத்தில், உள்ளே தேங்கும் நீர் வடிவதற்கென்றே செய்த தொழிற்சாலையில் இடப்பட்ட சிறு துளை ஒன்று பல வண்டிகளில் இருக்கும். அதிலிருந்து நீர் சொட்டுவதையும் மெல்லிய புகை வருவதையும் கண்டு பதறி, அதனைப் பற்றவைத்து அடைத்துவிட்டால், உள்ளே தேங்கும் நீர் சைலன்சரை அரித்து விரைவிலேயே உண்மையான கசிவு ஒன்றைத் தோற்றுவிக்கும். இல்லாத நோய்க்குச் செய்த மருத்துவம் இருக்கும் நோயாக முடிவதற்கு இதனினும் தெளிவான சான்று பட்டறை உலகில் இல்லை.

4. கசிவை அறியும் அளவைகள்

பொருளின் உண்மையை அறியும் கருவியைத் தமிழ்த் தருக்க மரபு அளவை என்னும். அவற்றுள் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றும் சைவ சித்தாந்திகளுக்கு உடன்பாடானவை. சைலன்சருக்கும் அவையே போதுமானவை.

காட்சியளவையாவது, இணைப்பைச் சுற்றிப் படிந்த கரியைக் கண்ணால் காண்டல். வாயு கசியும் இடத்தில் மை தீட்டியதுபோன்ற கறுப்புத் தடம், கசிவு எந்தப் பக்கம் என்பதையும் காட்டும். ஆயினும் அத்தடம் நிகழ்காலத்தைக் குறிக்கிறதா கடந்த பழுதைக் குறிக்கிறதா என்ற ஐயம் எழுமாதலின், முதலில் பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டு, வண்டியை ஓட்டி வந்து மீண்டும் பார்த்தல் முறையாகும். துடைக்காமல் பார்த்துத் தீர்ப்புச் சொல்வோர் முந்தைய கசிவுக்குக் கூலி வாங்குகின்றனர்.

கருதலளவையாவது, காணாததைக் கண்டதைக் கொண்டு துணிதல். மலையில் புகை தோன்றுவது கொண்டு அங்கே நெருப்பு உண்டு என்று துணிவது தருக்க நூலார் தரும் பழைய எடுத்துக்காட்டு. பட்டறையில் நெருப்பு இருப்பது யாவரும் அறிந்ததாகவும் புகை எங்கே என்பதே வினாவாகவும் இருப்பதால், அம்முறையைத் தலைகீழாக்க வேண்டியுள்ளது. மெக்கானிக் குந்தியமர்ந்து, தடித்த ஈரத்துணியை நான்காக மடித்து, ஐடிலில் ஓடும் வண்டியின் சைலன்சர் நுனியை ஒருகணம் பொத்துகிறார். வழியெங்கும் இறுக்கமாக இருந்தால் என்ஜின் திணறி நின்றுவிடும். நிற்காமல் முன்பக்கத்தில் "புஸ்" என்று சீறினால், சீறும் இடமே கசியும் இடம். என்ஜின் ஆறியிருக்கும்போது சோப்பு நீரை இணைப்பில் தடவி, நுனியிலிருந்து காற்றை உள்ளே ஊதி, நுரை எங்கே பொங்குகிறதென்று பார்ப்பதும் இதன்பாற்படும்.

உரையளவையாவது, அறிந்தோர் சொல்லை ஏற்றல். இதில் அறிந்தோர் யாவர் என்பதே சிக்கல். டீக்கடையில் நிற்பவர், பக்கத்து வீட்டு மாமா, சிக்னலில் அருகே நின்ற ஆட்டோ ஓட்டுநர், பெட்ரோல் போடும் பையன் ஆகிய அனைவரும், வண்டியை நிறுத்துமுன்பே "சைலன்சர் லீக் ஆவுது பாருங்க" என்று அருள்வர். அவர்கள் உரையில் பொய் இல்லை. ஆனால் எங்கே, ஏன் என்ற இரண்டும் இல்லாமையால் அது முழு அளவையாகாது.

5. பட்டறைப் பிரிவுகளும் அவற்றின் கொள்கைகளும்

கசிவை நீக்கும் நெறிகளில் நான்கு பிரிவுகள் காணப்படுகின்றன. ஒவ்வொன்றும் மற்ற மூன்றையும் மறுத்தே தன்னை நிலைநாட்டிக்கொள்கிறது.

இறுக்குநர் பிரிவினர், கசிவெல்லாம் தளர்வே என்ற ஒரே கோட்பாட்டினர். பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்றே அவர்தம் கருவி. நசுங்க வேண்டிய அளவுக்கு நசுங்கிவிட்ட பேக்கிங்கை மேலும் இறுக்குவதால் அது மேலும் மூடிக்கொள்வதில்லை. தகடு வளைகிறது, ஸ்டட் நீள்கிறது. 6 மி.மீ. மரைக்குப் போதுமான முறுக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர். அதாவது பத்து சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் பத்துக் கிலோ தொங்கவிட்டால் உண்டாகும் அளவு. ஆனால் இப்பிரிவினர் ஸ்பேனரோடு ஒரு பைப்பைச் செருகி நீளம் கூட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி இழுப்பர். நட்டு முதலில் "கிறீச்" என்னும். பின்பு வழக்கத்துக்கு மாறான மென்மையோடு ஒரு கால் சுற்று நகரும். அம்மென்மையை உணர்ந்த கை அங்கேயே நின்றிருக்க வேண்டும். நிற்காதபோது "டக்" என்ற ஓசையோடு ஸ்டட் அறுந்து, அதன் வேர்ப்பகுதி ஹெட்டுக்குள் தங்கிவிடும். அதன்பின் ஹெட் லேத்துக்குப் போய், துளையிட்டு, புதிதாக மரை போட்டு வரவேண்டும். சில பத்து ரூபாய்ப் பேக்கிங்கில் தொடங்கியது இவ்வாறு சில ஆயிரத்தில் முடியும்.

பூசுநர் பிரிவினர், இடைவெளி எதுவாயினும் பூச்சினால் நிரம்பும் என்பர். தண்ணீர்க் குழாய்க்கு உகந்த எம்-சீல் வகை எபாக்ஸி மாவு, சிவப்பு சிலிக்கான் பசை ஆகியவை இவர்தம் மருந்துகள். எபாக்ஸி இருநூறு டிகிரியை எட்டுமுன்பே உறுதி இழக்கும். வெப்பம் தாங்குவதாகச் சொல்லப்படும் சிலிக்கானும் முந்நூறு டிகிரி அளவில் தளர்ந்துவிடும். ஹெட்டின் வாயிலோ அதனினும் மிகுந்த வெப்பம் வீசும். ஆகவே பூச்சு முதல்நாள் உறுதியாக நின்று, இரண்டாம்நாள் நாற்றமெடுத்து, ஒரு வாரத்தில் உதிரும். கல்நார்க் கயிற்றைச் சுற்றும் பழைய வழக்கமும் இப்பிரிவில் உண்டு. அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் அவ்வழக்கத்தை விட்டுவிடுதல் தக்கது.

பற்றவைப்போர் பிரிவினர், துரு அரித்த இடத்தில் கேஸ் வெல்டிங் வைப்பர். தகடு நல்ல கனத்தோடு இருக்கும்வரை இந்நெறி செம்மையானது. காகிதமாய் மெலிந்த தகட்டின்மீதோ, மூவாயிரம் டிகிரியைத் தாண்டும் சுடர் பட்டவுடன் துளை அடைபடுவதற்குப் பதிலாக அகன்றுவிடும். அதை அடைக்க வேறொரு தகட்டை ஒட்டுவர். ஒட்டின் ஓரத்தில் புதிய துரு பிடிக்கும். சில ஆண்டுகளில் சைலன்சர் முழுதும் ஒட்டுகளாலேயே நிற்கும் நிலை உண்டாகி, அது பழைய சைலன்சர்தானா என்ற தத்துவ வினாவும் எழும்.

மாற்றுநர் பிரிவினர், புதுப்பேட்டைக்கோ ஜி.பி. ரோட்டுக்கோ போய் முழு சைலன்சரையே வாங்கிவரச் சொல்வர். செலவு மிகுந்தாலும் இந்நெறியில் ஐயத்துக்கு இடமில்லை என்று தோன்றும். தோற்றம் பொய்யாதல் உண்டு. விலை குறைந்த மாற்றுச் சரக்கில் குழாயின் வளைவு சிறிது பிசகினாலும், முன்பக்கம் பொருத்தியபின் பின்போல்ட்டின் துளை சட்டத்துத் துளையோடு நேர்ப்படாது. கம்பியால் நெம்பி, முழங்காலால் தள்ளி, போல்ட்டை அடித்து ஏற்றுவர். குழாய் அன்றுமுதல் வில்லாய் வளைந்த நிலையிலேயே வாழ்ந்து, தன் இயல்பு நிலைக்குத் திரும்பும் முயற்சியில் முன்பக்கப் பேக்கிங்கை நாள்தோறும் நெம்பிக்கொண்டிருக்கும்.

ஒப்பீட்டுக்காகப் புல்லட்டையும் இங்கே குறிப்பிடலாம். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்து, 1955இல் சென்னையில் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா வழியாகத் திருவொற்றியூரில் குடியேறிய அவ்வண்டியின் பழைய இரும்பு என்ஜினில், பெண்ட் பைப் ஹெட்டின் வாயில் செருகப்பட்டே நிற்கும். ஸ்டட் இல்லாமையால் ஸ்டட் அறுதல் அங்கே இல்லை. ஆனால் குழாயைப் பிடித்துநிற்கும் பொறுப்பு முழுதும் பின்னுள்ள பிணைப்புகளுக்கே உரியதாகிறது. அடுத்த பகுதியின் முடிபை இவ்வமைப்பு முன்கூட்டியே சுட்டுகிறது.

6. மறுபிறப்பின் காரணம்

வினை எஞ்சியிருக்கும்வரை பிறவி தொடரும் என்பது இம்மண்ணின் சமயங்கள் பலவற்றுக்கும் பொதுவான கொள்கை. சைலன்சரின் எஞ்சிய வினை எங்கே இருக்கிறது என்று தேடினால், நான்கு பிரிவினரும் முன்பக்கத்தையே நோக்கிக் குந்தியிருக்க, அது பின்பக்கத்தில் இருப்பது புலனாகும். ஓசை எழும் இடத்தைக் காரணம் இருக்கும் இடமாகக் கொள்வதே மீள்கசிவின் வேர்.

பின்போல்ட் தளர்ந்தாலோ, அதன் துளை நீள்வட்டமாகத் தேய்ந்தாலோ, தாங்கும் பட்டையில் கீறல் விட்டாலோ, சைலன்சரின் முழுப் பாரமும் முன்பக்கத்து இரண்டு ஸ்டட்டுகளின்மேல் தொங்கும். இதனோடு சேர்ந்த, இன்னும் நுட்பமான ஒரு கூறும் உண்டு. இவ்வகை வண்டிகள் பலவற்றில், சென்டர் ஸ்டாண்டை மேலே தூக்கியதும் அது வந்து முட்டி நிற்பது சைலன்சரில் பொருத்திய ஒரு சிறு ரப்பர்க் கட்டையின்மீதே. நெல்லிக்காய் அளவேயான அக்கட்டை என்றோ விழுந்துபோயிருக்கும். விழுந்ததை யாரும் அறியமாட்டார். அன்றுமுதல் ஒவ்வொரு வேகத்தடையிலும், மூடப்படாத ஒவ்வொரு மெட்ரோப் பள்ளத்திலும், இரும்பு ஸ்டாண்ட் இரும்புச் சைலன்சரைக் கீழிருந்து தட்டும். அந்தத் தட்டு குழாய் வழியே பயணித்து முன்பக்கத்துப் பேக்கிங்கை அடையும். புதிய பேக்கிங் போட்ட மெக்கானிக்கைக் குறை சொல்லும் உரிமையாளர், தட்டும் ஓசையை நெடுங்காலமாகக் கேட்டும், அதைச் செயின் ஓசை என்று எண்ணி அமைதியடைந்திருப்பார்.

இரண்டாவது காரணம் இறுக்கும் வரிசை. பின்போல்ட்டை முதலில் முறுக்கிவிட்டால் குழாயின் முன்முனை வாயில் நேராக அமராமல் ஒருபுறம் சாய்ந்தே அமரும். முன்நட்டுகளை எவ்வளவு இறுக்கினும் பேக்கிங் ஒருபக்கம் நசுங்கி மறுபக்கம் வாய்பிளந்திருக்கும். கடையில் உள்ள அத்தனை பேக்கிங்குகளையும் மாற்றிப் பார்த்தாலும் இவ்வரிசை மாறாதவரை பயனில்லை.

மூன்றாவது காரணம் உலோகம் சாராதது. ஆபீசுக்கு நேரமாகிவிட்ட நிலையில் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைக்காமலே, "அண்ணே, இப்போதைக்கு டைட் மட்டும் வச்சு விடுங்க, ஞாயித்துக்கிழம கொண்டாறேன்" என்று உரிமையாளர் சொல்கிறார். "இப்போதைக்கு ஓடும் சார், ஆனா ஒரு நாள் வண்டிய விட்டுட்டுப் போனீங்கன்னா கழட்டிப் பாத்துடலாம்" என்று மெக்கானிக் விடையிறுக்கிறார். இருதரப்பும் உண்மையே பேசுகின்றன. சூடான குழாயில் கைவைக்க இயலாது என்பதால் ஆறவிடாமல் முறையான வேலை செய்ய முடியாது என்பதும் மெய்யே. அந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறது; பட்டறைக்கு விடுமுறை. இவ்வொப்பந்தம் எழுத்தில் இல்லாவிடினும், வட்டாரத்தில் உள்ள வாடகை ஒப்பந்தங்களினும் மிகுந்த ஒழுங்கோடு புதுப்பிக்கப்பட்டு வருகிறது.

7. தீர்வு

மேற்கூறியவற்றால், மீள்கசிவை நீக்கும் வேலை வண்டியின் பின்னிருந்து முன்னோக்கி நடக்க வேண்டும் என்பது பெறப்படும். முதற்கண் வண்டியை இரவே விட்டு ஆறவிடல் வேண்டும். முன்நட்டுகளின் மரையில் மண்ணெண்ணெயோ துருநீக்கும் ஸ்ப்ரேயோ விட்டு ஊறவிட்டு, கழற்றும்போது அரைச்சுற்று இளக்கி, கால்சுற்று திரும்ப இறுக்கி, மீண்டும் இளக்குதல், ஸ்டட்டைக் காக்கும் பழைய உபாயம். நட்டு கழன்றபின் வாயினுள் கையைவிட்டுப் பார்த்தால், முந்தைய பேக்கிங் வெளியே வராமல் பள்ளத்தோடு பள்ளமாக ஒட்டிக்கொண்டிருப்பது விரல்நுனிக்குத் தெரியும். அதன்மேலேயே புதியதை வைப்பது பட்டறைகளில் மிகப் பரவிய பிழை. அதைச் சிறு ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்து, அலுமினியத்தைக் கீறாமல் கரியைச் சுரண்டித் துடைத்தல் வேண்டும்.

அடுத்து, பின்பட்டையையும் போல்ட்டையும் ஸ்டாண்ட் ரப்பரையும் நோக்கி, தேய்ந்ததை மாற்றி, விழுந்ததை வாங்கிப் பொருத்துதல் வேண்டும். குழாயின் விளிம்பு நேராக உள்ளதா, காலர்கள் இரண்டும் சமமாக அமர்கின்றனவா என்பதும் அப்போதே பார்க்கத்தக்கது. புதிய பேக்கிங்கை வாயில் வைத்தால் தலைகீழாக விழுமாதலின், சிறிது கிரீஸ் தொட்டு ஒட்டவைப்பது கைவழக்கம். அக்கிரீஸ் முதல் ஓட்டத்தில் புகைந்து போகும், அப்புகையைக் கண்டு மீண்டும் கசிவு என்று அஞ்ச வேண்டுவதில்லை. பின்னர் முன்நட்டுகளைக் கையாலும், பின்போல்ட்டை ஆடும்வண்ணமும் ஏற்றி, குழாய் தன் இடத்தைத் தானே தேடி அமரவிட்டு, முன்நட்டுகள் இரண்டையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, பின்போல்ட்டைக் கடைசியில் முறுக்குதல் வேண்டும். சில நாள் ஓடி, சூடேறி ஆறியபின், முன்நட்டுகளை ஒருமுறை சரிபார்ப்பதோடு வேலை நிறைவுறும். உள்ளிருந்து அரித்த சைலன்சரை மட்டும் எந்த வரிசையும் காப்பாற்றாது. அதற்கு மாற்றலே கதி.

8. சட்டமும் உடலும்

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120ஆம் விதி, ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் சைலன்சர் இருத்தல் வேண்டும் என்கிறது. ஒலி, காற்று மாசு தொடர்பான மீறல்களுக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 190(2) பிரிவு தண்டனை கூறுகிறது. பதினைந்து ஆண்டு நிறைந்து பதிவைப் புதுப்பிக்கப் பூந்தமல்லி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டுசெல்லும் வண்டிகள், அன்று காலை மட்டும் மிக அடக்கமான குரலில் பேசுவது இவற்றின் பயன் எனலாம்.

ஒரு செய்தியை மட்டும் விளையாட்டின்றிக் கூறுதல் கடமையாகும். எரிந்த வாயுவில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை; இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் சேரும். திறந்த வெளியில் ஓடும் இருசக்கர வண்டியில் காற்று அதனை அடித்துச் சென்றுவிடும். முன்னிருக்கைக்கு அடியிலேயே என்ஜின் அமைந்த பழைய ஆம்னி போன்ற வண்டிகளிலும், கதவடைத்த ஷெட்டில் ஓடவிட்ட எந்த வண்டியிலும், கசிவை "இப்போதைக்கு" விட்டுவைத்தல் தலைவலியில் தொடங்கி உயிரில் முடியக்கூடும்.

9. முடிபும் மேலாய்வுக்குரியவையும்

கசிவு கேட்கும் இடம் வேறு, பிறக்கும் இடம் வேறு என்பதும், இறுக்குவதன் வலிமையினும் இறுக்குவதன் வரிசையே பயன் தருவது என்பதும், முறையான வேலைக்கு வேண்டுவது விலையுயர்ந்த பொருளன்று, வண்டி இல்லாத ஒரு நாளே என்பதும் இவ்வாய்வின் முடிபுகள். அந்த ஒரு நாளைத் தரமறுக்கும் உரிமையாளர், ஓராண்டில் அதைப் பல அரைமணிகளாகப் பட்டறை வாசலில் செலுத்திவிடுகிறார் என்பது துணைமுடிபு.

இனி, கசிவு முற்றிலும் நீங்கியபின் எதிர்பாரா விளைவொன்று தோன்றுகிறது. 2000 மார்ச்சுக்குப் பின் செய்த நான்கு வீச்சு வண்டியின் புகையில் கார்பன் மோனாக்சைடு 3.5 விழுக்காட்டுக்கும், அதற்கு முற்பட்ட வண்டியில் 4.5 விழுக்காட்டுக்கும் மிகுதல் ஆகாது என்பது பழைய வண்டிகளுக்கான புகைச் சோதனை வரம்பு. கசியும் வண்டியில், உறிஞ்சும் அலையோடு புகுந்த வெளிக்காற்று புகையை நீர்த்துப்போகச் செய்வதால், சோதனைக் கருவி உண்மையினும் குறைந்த அளவையே காட்டிவந்தது. கசிவு அடைபட்ட முதல் சோதனையில் அந்த எண் உயர்கிறது. ஆண்டுக்கணக்கில் பெட்ரோலை மிகையாக ஊட்டிவந்த கார்புரேட்டர் அப்போதுதான் பிடிபடுகிறது. உரிமையாளரோ, சைலன்சர் வேலை பார்த்ததால்தான் வண்டி புகைச் சோதனையில் தோற்றது என்று துணிந்து, நட்டைச் சிறிது இளக்கிவிடுமாறு மெக்கானிக்கைக் கேட்கிறார். அவ்வேண்டுகோளை ஏற்பதா மறுப்பதா என்பதில் பட்டறைகள் இருவேறு பிரிவுகளாக நிற்பதால், கார்புரேட்டர் பற்றிய ஆய்வு தனிநூலாக விரித்தற்குரியது.